சிகரெட்டை நிறுத்தினால் இருமல் கூடுகிறதே, டாக்டர்?

கேள்வி:

எனக்கு வயது 43. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கிரைண்டிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். வீடு கள்ளிக்குப்பத்தில். ஐடிஐ முடித்து அப்ரண்டிசாகச் சேர்ந்த காலத்தில் தொற்றிக்கொண்டது சிகரெட் பழக்கம். இப்போது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து சிகரெட் ஆகிறது. நைட் ஷிஃப்ட் என்றால் இன்னும் கூடும். காலையில் எழுந்ததும் டீயோடு ஒன்று பற்ற வைத்தால்தான் மற்ற வேலை ஓடும்.

பலமுறை நிறுத்திப் பார்த்துவிட்டேன். கடைசியாகப் பொங்கலுக்கு நிறுத்தினேன். அடுத்த வாரமே இருமல் அதிகமாகிவிட்டது. காலையில் கறுப்பாகச் சளி வந்தது. தலைவலி, தூக்கமின்மை, வாய்ப்புண், மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்துகொண்டன. வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். கூட வேலை செய்கிறவர்கள், "இத்தனை வருஷம் பழகின உடம்பு, சட்டுனு நிறுத்தினா தாங்காது" என்றார்கள். எங்கள் பழைய சூப்பர்வைசர் ஒருவர் சிகரெட்டை விட்ட ஆறாவது மாதமே நுரையீரல் புற்றுநோயில் இறந்துபோனார். பட்டரவாக்கம் ஸ்டேஷன் பக்கம் எங்களுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் எண்பது வயதிலும் பீடி பிடித்துக்கொண்டு திடமாக நடமாடுகிறார். இதையெல்லாம் யோசித்துத் திரும்பவும் ஆரம்பித்துவிட்டேன்.

என் மைத்துனர் ஆவடியில் லோடு ஏற்றி இறக்கும் வேலை செய்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் டிபி வந்து ஆறு மாத மருந்தை முடித்தார். இன்னமும் பீடியை விடவில்லை. கேட்டால், "டிபி கிருமியால வர்றது, பீடியால வர்றதில்ல" என்கிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் சிகரெட் பாக்கெட்டில் உள்ள படத்தைக் காட்டி அழுகிறாள்.

நிறுத்துவதால் உடம்புக்குக் கெடுதல் வருமா? பாதியாகக் குறைத்துக்கொண்டால் போதாதா? மன உறுதி இல்லாத என் போன்றவன் எப்படி விடுவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அம்பத்தூர்

பதில்:

முதலில் இருமலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்களைத் திரும்பவும் பெட்டிக்கடைக்கு அனுப்பியது அதுதான்.

நம் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முடிகள் இருக்கின்றன. உள்ளே போகும் தூசியையும் அதைப் பிடித்து வைத்திருக்கும் சளியையும் அவை ஓயாமல் தொண்டையை நோக்கிப் பெருக்கித் தள்ளுகின்றன. சிகரெட் புகை அவற்றை முடக்கிப் போடும். இருபது வருடத்துக்கு மேலாகப் புகைத்தவரின் மூச்சுக்குழாயில் அந்த வேலை பெரும்பாலும் நின்றுபோய், சளி அங்கங்கே தேங்கிக் கிடக்கும். நீங்கள் கிரைண்டிங் செக்‌ஷனில் இருப்பதால் உலோகத் தூசியும் அதோடு சேர்ந்திருக்கும். சிகரெட்டை நிறுத்திய சில நாட்களில் முடிகள் மறுபடி அசையத் தொடங்கும், தேங்கியதெல்லாம் மேலே வரும். கறுப்புச் சளி பெரும்பாலும் அதுதான். உங்கள் நுரையீரல் தன் வேலையை மறுபடி செய்யத் தொடங்கியபோது, அதையே நோய் என்று நினைத்துப் பயந்துவிட்டீர்கள். சிலருக்கு இது சில வாரம் நீடிக்கும், பிறகு தணியும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எல்லா இருமலையும் இந்தக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் இரத்தம், இவற்றில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் கட்டாயம். குடும்பத்தில் டிபி வந்தவர் இருக்கும் உங்களுக்கு இது இன்னும் முக்கியம்.

தலைவலி, எரிச்சல், மலச்சிக்கல், வாய்ப்புண் எல்லாம் நிகோடின் திடீரென நின்றதால் வருபவை. முதல் இரண்டு, மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போகும். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கும். பொங்கலுக்கு நிறுத்தியவர் மறு வாரமே தொடங்கிவிட்டீர்கள் என்றால், இறங்குமுகம் வரும் நேரத்தில் கைவிட்டிருக்கிறீர்கள்.

தூக்கமின்மைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை. புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, டீ, காபியில் உள்ள கஃபீனை வேகமாக உடைக்க வைக்கின்றன. சிகரெட்டை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே அளவு டீ குடித்தாலும் இரத்தத்தில் கஃபீன் முன்பைவிட வெகுவாகக் கூடிவிடும். படபடப்பு, கை நடுக்கம், ராத்திரி விழித்துக் கிடப்பது எல்லாம் வரும். இதைத் தெரியாமல் "சிகரெட் இல்லாமல் என்னால் முடியவில்லை" என்று திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நிறுத்துகிற நாளிலிருந்தே டீயைப் பாதியாகக் குறையுங்கள். நைட் ஷிஃப்டில் கடைசி டீயை விடியற்காலைக்கு வெகு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் சூப்பர்வைசர். அவர் மரணத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் வருத்தமாக இருந்தது. நுரையீரல் புற்றுநோய் ஆறு மாதத்தில் முளைத்து ஆளைக் கொல்லும் நோய் கிடையாது. உள்ளே வருடக்கணக்கில் வளரும். பலர் எதற்காகச் சிகரெட்டை விடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்: மூச்சு இரைக்கிறது, நெஞ்சு வலிக்கிறது, சிகரெட்டே பிடிக்காமல் போகிறது, அதனால் விடுகிறார்கள். நோய் முன்னாலேயே வந்துவிட்டது, நிறுத்தியது அதன் பின்னால் நடந்தது. பார்க்கிறவர்களுக்கு வரிசை தலைகீழாகத் தெரிகிறது.

எண்பது வயது பெரியவரைப் பற்றி நான் எதையும் மறுக்கப் போவதில்லை. அவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் டீக்கடையில் உயிரோடு இருப்பவர்தான் கண்ணில் படுவார். அவரோடு சேர்ந்து அதே வயதில் பீடி பிடிக்கத் தொடங்கி ஐம்பதிலும் ஐம்பத்தைந்திலும் போனவர்கள் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அப்படி எண்ணிப் பார்த்த வேலை நம் சென்னையிலேயே நடந்தது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் அந்த ஆய்வு நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் தெரியாமல் போனது எனக்கு எப்போதும் ஆதங்கம். டாக்டர் வேந்தன் கஜலட்சுமியின் குழுவினர் 1990களில் இறந்தவர்களின் வீடுகளுக்கே போனார்கள். கணவனை, அப்பாவை, அண்ணனை இழந்தவர்களிடம் பொறுமையாகப் பேசி, இறப்பதற்கு முன் என்ன தொந்தரவு இருந்தது, சிகரெட் அல்லது பீடி பழக்கம் இருந்ததா என்று கேட்டு எழுதினார்கள். சென்னையிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலுமாக இறந்த ஆண்கள் ஏறத்தாழ 43,000 பேர், ஒப்பிட்டுப் பார்க்க உயிரோடு இருந்த ஆண்கள் 35,000 பேர். ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் இதில் இணைந்திருந்தார். 2003இல் லான்செட் இதழில் முடிவுகள் வெளியாயின.

25 முதல் 69 வயது வரையிலான நகரத்து ஆண்களில், புகைப்பழக்கம் உள்ளவர்களின் இறப்பு விகிதம் பழக்கமே இல்லாதவர்களைப் போல் இரண்டு மடங்கு. இதைவிட எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது டிபி கணக்கு. புகைப்பவர்கள் டிபியால் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்கு. இந்தியாவில் டிபியால் சாகும் ஆண்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகைப்பழக்கம் ஒரு காரணம் என்று அந்த ஆய்வு முடித்தது. வெள்ளைக்கார நாடுகளில் சிகரெட் என்றால் நுரையீரல் புற்றுநோய்தான் முன்னால் வந்து நிற்கும். நம் ஊரில் அதற்கு முன்னால் டிபியும் மாரடைப்பும் வந்து நிற்கின்றன.

உங்கள் மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. டிபி கிருமியால்தான் வருகிறது. ஆனால் 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய டிபி கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் சுமார் 31 சதவீதம் பேர் உடம்பில் அந்தக் கிருமி ஏற்கெனவே நுழைந்திருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. நுரையீரலில் காவல் இருக்கும் செல்கள் கிருமியை அடக்கி வைத்திருக்கின்றன. புகை அந்தக் காவலைத்தான் உடைக்கிறது. கிருமி பலருக்கும் பொது, அதைக் கட்டவிழ்த்து விடுவது பீடி.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அடங்கிய இதே திருவள்ளூர் மாவட்டத்தில், சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் சிகிச்சை முடித்துக் குணமானவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2005இல் அந்த முடிவு வெளியானது. குணமானவர்களில் சுமார் 12 சதவீதம் பேருக்கு டிபி திரும்ப வந்திருந்தது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர்கள், மருந்துக்கு அடங்காத கிருமி கொண்டவர்கள், இவர்களோடு புகைப்பவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். புகைப்பவர்களுக்குத் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆறு மாதம் அத்தனை மாத்திரைகளையும் விழுங்கி முடித்த மனிதர் அதன் பலனை இப்படி இழக்கக் கூடாது. பீடி சிறியது, புகையிலை குறைவு என்று அவர் சமாதானம் சொல்லலாம். பீடி இலை வழியாகக் காற்று சரியாகப் போகாது, இழுத்துக்கொண்டே இருக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடும் தாரும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகின்றன.

பாதியாகக் குறைத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இரத்தக் குழாய்கள் கொஞ்சம் புகைக்கே கெட்டுவிடுகின்றன. 2018இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, இருபது பிடிப்பவருக்கு உள்ள கூடுதல் இதய நோய் ஆபத்தில் பாதிக்கு அருகே இருந்தது. முழுதாக விடுவதற்கு ஒரு படியாகச் சில நாள் குறைத்துக்கொள்ளலாம். அதிலேயே நின்றுவிட்டால் இதயத்துக்குப் பெரிய லாபமில்லை. சிகரெட்டை விட்டுவிட்டு ஹான்ஸ், கூல் லிப் என்று புகையிலையை உதட்டுக்கடியில் வைக்கத் தொடங்குவதும் எஸ்டேட் பக்கம் நிறைய நடக்கிறது. தமிழ்நாட்டில் தடை செய்த பொருள் என்பது ஒரு பக்கம். வாய்ப்புற்றுநோய்க்கு அதைவிட நேர்வழி வேறில்லை.

43 வயதில் விட்டு என்ன பயன் என்று உங்களுக்குத் தோன்றலாம். பிரிட்டனில் டாக்டர்களையே ஐம்பது வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2004இல் வெளியானது. வாழ்நாள் முழுக்கப் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருட ஆயுளை இழந்தார்கள். நாற்பது வயதில் நிறுத்தியவர்கள் அதில் சுமார் ஒன்பது வருடத்தைத் திரும்பப் பெற்றார்கள், ஐம்பதில் நிறுத்தியவர்கள் ஆறு வருடத்தை. நீங்கள் நாற்பதுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். நுரையீரல் ஏற்கெனவே இழந்த திறன் முழுதாகத் திரும்பாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இனி குறைகிற வேகம் மட்டும் புகைக்காதவர் அளவுக்கு இறங்கிவிடும். ஐம்பத்தைந்து வயதில் மாடிப்படி ஏறும்போது அந்த வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

இனி மன உறுதி. இந்த வார்த்தையை வைத்து உங்களை நீங்களே அடித்துக்கொள்வதை முதலில் நிறுத்துங்கள். எந்த உதவியும் இல்லாமல் நிறுத்துகிறவர்களில் ஒரு வருடம் தாண்டுபவர்கள் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேர்தான். மற்ற 95 பேரும் உறுதியில்லாதவர்களா? இழுத்த சில நொடிகளில் மூளைக்குப் போய்ச் சேரும் ஒரு போதைப்பொருளோடு வெறுங்கையோடு மல்லுக்கு நின்றவர்கள் அவர்கள். சர்க்கரை நோயாளியிடம் மன உறுதியால் சர்க்கரையைக் குறை என்று யாரும் சொல்வதில்லை, மாத்திரை கொடுக்கிறோம். இதற்கும் மருந்து இருக்கிறது.

எளிதில் கிடைப்பது நிகோடின் சூயிங்கம். 2 மில்லிகிராம் மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் தேவைப்படுபவர்களுக்கு 4 மில்லிகிராம் பொருந்தும். நீங்கள் அந்த வகை. 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். இதைச் சரியாகப் பயன்படுத்தினால் விடுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. பலர் இதைச் சாதாரண பபிள்கம் போல மென்று, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மெதுவாகச் சில தடவை மெல்லுங்கள். காரமாக ஒரு சுவை வரும், நாக்கு சுருக்கென்னும். உடனே மெல்வதை நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். சுவை போனதும் மறுபடி மென்று, இடத்தை மாற்றி ஒதுக்குங்கள். அரை மணி நேரம் இப்படி. நிகோடின் வாயின் உள்தோல் வழியாக இரத்தத்தில் ஏற வேண்டும். விழுங்கினால் பயனில்லை. போடுவதற்குக் கால் மணி முன்பும் போட்டிருக்கும்போதும் காபி, ஜூஸ், சோடா வேண்டாம். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, பிறகு இடைவெளியை நீட்டி மூன்று மாதத்தில் முடிக்கலாம். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் அல்சர் உள்ளவர்களும் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இது போதாவிட்டால் வரெனிக்ளின், புப்ரோபியான் என்று மாத்திரைகள் இருக்கின்றன. அவை டாக்டரின் மேற்பார்வையில்தான்.

மருந்து நிகோடினைப் பார்த்துக்கொள்ளும். டீக்கடையை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எஸ்டேட்டில் டீ பிரேக் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். இடது கையில் கிளாஸ், வலது கை தானாக மேலே போய்க் கயிற்றில் தொங்கும் லைட்டரைத் தேடும். யோசனையே தேவைப்படாது. என்னிடம் வந்த ஒருவர் கடைக்குப் போவதையே விட்டுவிட்டு, ஃபிளாஸ்கில் வீட்டு டீ கொண்டுவந்து மெஷினுக்குப் பக்கத்திலேயே குடித்தார். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஓட்டும் டிரைவர் ஒருவர் டிரிப்புக்கு நடுவில் வேர்க்கடலை வாங்கி ஒவ்வொன்றாக உரித்துத் தின்றார். இரண்டு கைக்கும் வேலை வேண்டும், அதுதான் அவர் சொன்ன காரணம். இன்னொருவர் லூசில் வாங்குவதில்லை என்று மட்டும் முடிவெடுத்துத் தோற்றார். பாக்கெட்டாகச் சட்டைப் பையில் வந்து உட்கார்ந்தது. தவிப்பு ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்கள்தான் உச்சத்தில் இருக்கும். அந்தச் சில நிமிடங்களில் எங்கே இருப்பீர்கள், கையில் என்ன இருக்கும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள்.

நைட் ஷிஃப்ட் இல்லாத ஒரு வாரத்தில் நாள் குறியுங்கள். கூட வேலை செய்கிறவர்களிடம், "எனக்கு நீட்டாதீங்கப்பா" என்று சொல்லிவிடுங்கள். கல்யாண வீடு, குடி, சண்டை, இந்த மூன்றில்தான் பெரும்பாலும் வழுக்கும். ஒன்று பிடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று மீதிப் பாக்கெட்டையும் முடிக்க வேண்டாம். அந்த ஒன்றோடு நிறுத்தி மறுநாள் தொடருங்கள். முன்பு பலமுறை நிறுத்தியதும் வீணாகவில்லை. எந்த நேரத்தில், எந்த இடத்தில் விழுகிறீர்கள் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். சராசரியாக நாலைந்து கிலோ எடை கூடலாம். அதற்காகப் பயந்து திரும்ப வேண்டாம், பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

உங்கள் மகளைப் பற்றி ஒரு வார்த்தை. மாடியில் போய்ப் பிடித்துவிட்டு வந்தாலும் சட்டையிலும் மூச்சிலும் ஒட்டிய புகை வீட்டுக்குள் வரும். அதைவிட, அவள் பயந்திருக்கிறாள். "அப்பா விடப் போறேன், இதுக்கு மருந்து இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டிருக்கேன்" என்று அவளிடம் சொல்லுங்கள். சத்தியம் செய்து கொடுக்க வேண்டாம். ஒரு நாள் தவறினால் குழந்தை தாங்காது.

அவள் காட்டும் அதே பாக்கெட்டில் 1800-11-2356 என்ற எண் அச்சாகியிருக்கிறது. கட்டணமில்லாத அழைப்பு, தமிழிலும் பேசலாம். ஆலோசகர்கள் நாள் குறித்துக் கொடுத்து, பிறகு அவர்களே கூப்பிட்டு விசாரிப்பார்கள். நேரில் போக வேண்டுமென்றால், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002 முதல் புகையிலையை விடுவதற்கான தனி மையம் நடக்கிறது. இஎஸ்ஐ கார்டு இருக்குமானால் அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனையில் நெஞ்சு மருத்துவரைப் பாருங்கள். கிரைண்டிங் வேலையையும் சொல்லி, மூச்சை ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையைக் கேளுங்கள். கம்பெனியில் தரும் முகக்கவசத்தைக் கழற்றாமல் போடுங்கள். தூசியும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் இரட்டிப்பாக அடி வாங்கும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு இந்த வாரமே பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரண்டு பேருக்குமே அது தேவை. அங்கே அதற்குக் காசு வாங்குவதில்லை.